ஒருமுறைகூடப் பார்க்கப்படாத கல்யாணம்

கட்டடங்களில் வீடுகளுக்குச் சர்வர் வைத்துத் தரும் இந்த வேலைக்குப் புதிதாக ஆறு பேர் சேர்ந்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆறு பேரும் எனக்குப் போன் செய்து ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். ஒருவர் இரண்டு முறை கேட்டார். "சார், ஒரு சர்வர்ல எத்தனை வீடு ஓட்டலாம்?" ஏழு தடவை பதில் சொல்லியாயிற்று. எட்டாவது தடவை வாயால் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. ஓய்வு பெற்றவனுக்கு வேலை இல்லை என்று யார் உங்களிடம் சொன்னார்கள் என்றும் தெரியவில்லை. எழுதித் தருகிறேன். படித்துவிட்டுப் போன் செய்யாதீர்கள்.

துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் யார்டின் கணினிப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தேன். அதற்குப் பிறகு நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் அதே அலுவலகத்தில் ஒன்பது வருடம். இந்த முப்பத்தைந்து வருடத்தில் நான் செய்த பெரிய தவறுகள் பதினொன்று. பத்து தவறுகளை யாராவது ஒரு மேலதிகாரி திட்டி முடித்துவைத்தார். பதினோராவதைத் திட்ட எனக்கு மேலே யாரும் இல்லை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

ராயபுரத்தில் நான் குடியிருக்கும் கட்டடத்தில் ஒன்பது வீடுகள். கடல் நடந்துபோகும் தூரம். எங்கள் ஜன்னல் கம்பிகளுக்கு வருடத்துக்கு இரண்டு முறை பெயின்ட் அடிக்க வேண்டும், அப்படியும் துரு வரும். ஒவ்வொரு வீட்டிலும் டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கணினி வைத்து, அதில் படம், பாட்டு, குடும்ப வீடியோ எல்லாம் போட்டுக்கொண்டிருந்தார்கள். உப்புக்காற்று பதினெட்டு மாதத்தில் அவற்றின் உள்ளே புகுந்து பச்சை பூக்க வைத்துவிடும். இரண்டு வருடத்தில் பதினான்கு பெட்டிகளை நான் பிரித்து, துடைத்து, உதட்டைப் பிதுக்கித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கடைசியில் வெறுத்துப்போய், கீழே மீட்டர் அறைக்குப் பக்கத்திலிருந்த அறையை உப்புக்காற்று புகாமல் அடைத்து, அதில் ஒரே ஒரு பெரிய சர்வரை வைத்து, ஒன்பது வீட்டுக்கும் அதிலிருந்தே டிவிக்கு அனுப்பலாம் என்று நான்தான் சொன்னேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

முதலில் எல்லாருக்கும் ஒரே பட்டியலாக வைத்தேன். நான்கு நாள் தாங்கவில்லை. முதல் மாடி ரஹீம் பாயின் அம்மா, குர்ஆன் ஓதுவதைக் கேட்கலாம் என்று டிவியைத் திறந்தால், இரண்டாம் மாடிப் பையன் பாதியில் விட்ட பேய்ப்படம் வந்து பல்லைக் காட்டுகிறது. "சார், அம்மாக்கு பி.பி. கீது, அந்த மூஞ்ச எடுங்க சார் மொதல்ல" என்று ரஹீம் பாய் படியில் நின்று கத்தினார். அதனால் அந்த ஒரே இரும்புப் பெட்டிக்குள் ஒன்பது மெய்நிகர் கணினிகளைப் பிரித்தேன். ஒவ்வொரு வீடும் தனக்கென்று ஒரு முழுக் கணினி இருப்பதாக நினைத்துக்கொள்ளும். ஒருவர் வீட்டுச் சமாச்சாரம் இன்னொருவருக்குத் தெரியாது. இதுவரை நான் செய்தது சரி.

தவறு இனிமேல்தான். சர்வரில் மொத்தம் பதினாறு டெராபைட், அதாவது பதினாறு டிபி, இடம். ஒரு வீட்டுக்கு மூன்று டிபி என்று எழுதிக் கொடுத்தேன். ஒன்பது மூன்று இருபத்தேழு. பதினாறை வைத்துக்கொண்டு இருபத்தேழு கொடுத்தவன் நான். தெரியாமல் கொடுக்கவில்லை. உங்கள் ஆறு பேருக்கும் இதைச் செய்யத் தெரியும், அது எனக்கும் தெரியும். எல்லாரும் ஒரே நேரத்தில் முழுதாகக் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் செய்வது அது. கேட்காதவரை நாம் கெட்டிக்காரர்கள்.

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது. ஏனென்றால் இந்தப் பாடத்தை எனக்கு யார்டில் ஒருவர் கண்முன்னால் நடத்திக் காட்டியிருக்கிறார். பெட்டிகளை எங்கே அடுக்குவது என்று திட்டம் போடுபவர் அவர். என்னைவிட ஆறு வயது இளையவர். பெயர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. எத்தனை நெரிசல் இருந்தாலும் யார்டில் ஒரு வரிசையைக் காலியாகவே வைத்திருப்பார். மேலாளர் மாதம் ஒருமுறையாவது வந்து அந்தக் காலி வரிசையைக் காட்டிக் கத்துவார். இவர் தலையை ஆட்டிவிட்டு மறுநாளும் காலியாகவே வைப்பார். ஒருநாள் ஒரு கப்பலின் பட்டியல் தவறாக வந்து, குளிரூட்டிய மருந்துப் பெட்டி ஒன்று நான்கு பெட்டிகளுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மின்சார இணைப்பு இல்லாமல் அது தாங்கும் நேரம் கொஞ்சம்தான். மேலே இருக்கும் நான்கையும் இறக்கி வைக்க வேறு எந்த யார்டிலும் இடம் இருந்திருக்காது. எங்களிடம் இருந்தது. நாற்பது நிமிடத்தில் எடுத்துவிட்டார்கள். மேலாளர் அன்று கத்தவில்லை, பாராட்டவும் இல்லை. நான் அந்தத் திட்டம் போடுபவரிடம் போய், "எப்படி முன்னாடியே தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா சார் தெரியும்? ஒண்ணுந் தெரியாது. தெரியாததுக்குத்தான் எடம் வுட்டு வைக்கறது" என்றார்.

இதைக் கேட்டவன், கேட்டு அதைப் பலரிடம் பெருமையாகச் சொன்னவன், சொந்தக் கட்டடத்தில் ஒரு வரிசைகூடக் காலி வைக்கவில்லை. நான்கு வருடம் ஒன்றும் ஆகவில்லை. நான்கு வருடம் ஒன்றும் ஆகாவிட்டால் மனிதன் அதைத் தன் திறமை என்று நினைத்துக்கொள்கிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். ஒன்பது வீட்டிலும் சாப்பாடு முடிந்து படம் பார்க்க உட்காரும் நேரம். மூன்று நாற்பதுக்கு என் வீட்டு டிவி அப்படியே நின்றது. நாயகன் ஒரு கையைத் தூக்கியபடி நிற்கிறான். கேபிளைத் தட்டலாம் என்று நான் எழுந்திருப்பதற்குள் போன் அடித்தது. அதை எடுப்பதற்குள் வாசல் மணி. அதைத் திறப்பதற்குள் படியில் மூன்று குரல்கள். பத்து நிமிடத்தில் பதினேழு அழைப்புகள். எட்டு வீட்டிலிருந்து பதினேழு என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"இன்னா சார், வில்லன் சாவற நேரத்துல புடுங்கிட்டியே!"

"சார், சும்மா ஒரு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்ணு சார்."

இந்த "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" என்பதைக் கண்டுபிடித்தவர் யார் என்று எனக்குத் தெரிந்தால் நேரில் போய்ப் பார்ப்பேன்.

கீழே போய்ப் பார்த்தேன். பதினாறு டிபியும் நிரம்பிவிட்டது. ஒரு துளி இடம் இல்லை. எழுத இடம் இல்லாததால் ஒன்பது கணினிகளும் ஒரே நொடியில் மூச்சை நிறுத்திக்கொண்டிருந்தன. இன்னொரு டிஸ்க் செருகினால் ஆயிற்று என்பீர்கள். செருகும் இடங்கள் எட்டும் நிறைந்திருந்தன, கணினிச் சாமான் விற்கும் கடைகள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருந்தன. போன மாதம்வரை பதினான்கு டிபிகூட ஆகவில்லையே, யார் இப்படிக் கொட்டினார்கள் என்று பார்த்திருக்க வேண்டும். அதுதான் முதல் வேலை. நான் அதைச் செய்யவில்லை. வாசலில் ஐந்து பேர் நின்று கத்தும்போது காரணத்தைத் தேட யாருக்கும் தோன்றுவதில்லை. கத்தலை நிறுத்த எது குறுக்குவழி என்றுதான் தோன்றும்.

குறுக்குவழி என்னிடம் இருந்தது. நான் எல்லாவற்றையும் எண்ணி வைப்பவன். எந்த வீட்டில் எந்த வீடியோ எத்தனை முறை பார்க்கப்பட்டது என்று அந்தந்த வீட்டுக் கணினி கணக்கு வைத்திருக்கும். பெரிய கோப்பு, ஒருமுறைகூடப் பார்க்கப்படாதது, இரண்டு வருடத்துக்கு மேல் பழையது என்று தேடினேன். மூன்று வீடுகளில் நான்கு உருப்படிகள் வந்தன. இரண்டாம் வீட்டில் இரண்டு, நான்காம் வீட்டில் ஒன்று, ஏழாம் வீட்டில் ஒன்று. மொத்தம் அறுநூற்று நாற்பது ஜிபி. எத்தனை அழகான பட்டியல்! யாரும் தொடாதது, யாருக்கும் வேண்டாதது.

கேட்காமல் அழிப்பவன் இல்லை நான், அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வீட்டுக்கும் போன் செய்தேன். ஏழாம் வீடு ஸ்டெல்லா அம்மாவுடையது. அவர் கணவர் மரியதாஸ் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்தவர். மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்த அடுத்த வருடமே மாரடைப்பில் போய்விட்டார். மகள் இப்போது வளைகுடாவில். மகன் ரீகன் எண்ணூரில் ஒரு ஆலையில் ஷிஃப்ட் வேலை. போனை எடுத்தது ரீகன்.

"உங்க வீட்டுல தங்கச்சி கல்யாண வீடியோ, கேமராக்காரர் கொடுத்தது அப்படியே இருக்கு. இருநூற்றுப் பன்னிரண்டு ஜிபி, முப்பத்தொரு துண்டு. ஒண்ணைக்கூட யாரும் பார்த்ததே இல்லை. எடுத்துடலாமா?"

நான் கேட்ட விதத்தைப் பாருங்கள். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

"அதுவா? எடிட் பண்ண படம் தனியா கீதே சார். அத்த யாரு பாக்கறா, அடிச்சு வுடு சார். டிவி எப்ப வரும்?"

அடித்து விட்டேன். அந்த மூன்று வீட்டுக் கணினிகளை மட்டும் எழுப்பி, நான்கையும் அழித்தேன். பிறகு இடம் எவ்வளவு என்று பார்த்தால், பழையபடி பூஜ்யம். ஐந்து நிமிடம் எனக்கு விளங்கவில்லை. பிறகு என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். கணினியில் ஒன்றை அழிப்பது என்பது கிடங்கிலிருந்து சரக்கை வெளியே எடுப்பது அல்ல. சரக்கின் மேலிருக்கும் பெயர்ச்சீட்டைக் கிழிப்பது மட்டும்தான். சரக்கு அங்கேயே கிடக்கும். மெய்நிகர் கணினி தனக்குள் அழித்ததை, "இந்த இடம் எனக்கு வேண்டாம்" என்று கீழே இருக்கும் சர்வருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்ல வைக்கும் கட்டளையை ஒவ்வொரு வீடாக நாம்தான் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் இடம் கைக்கு வரும், சரக்கு போயே போய்விடும். பிறகு யாராலும் மீட்க முடியாது.

இரண்டாம் வீட்டுக்குக் கொடுத்தேன். நான்காம் வீட்டுக்குக் கொடுத்தேன். நானூற்று இருபத்தெட்டு ஜிபி திரும்ப வந்தது. அடுத்து ஏழு. அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்டெல்லா அம்மா உள்ளே வந்தார். மூன்றாம் மாடியிலிருந்து செருப்பில்லாமல் இறங்கி வந்திருக்கிறார், மூச்சு வாங்கியது.

"சார், ரீகன் இன்னாவோ சொல்றான். கல்யாண வீடியோவ எடுத்துட்டியாமே?"

"ஆமாம்மா. அவர்கிட்ட கேட்டுத்தான் எடுத்தேன். யாருமே பார்க்கலையே."

"யாரு சொன்னா பாக்கலன்னு? நான் டெய்லி பாக்கறேன்."

"இல்லைம்மா, கணக்கு இருக்கு" என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். நிஜமாகவே காட்டினேன். ஒரு பெண் தன் வாயால் தினமும் பார்க்கிறேன் என்கிறார். அவரிடம் பூஜ்யத்தைக் காட்டி விவாதம் செய்தேன். "இதோ பாருங்க, முப்பத்தொண்ணும் பூஜ்யம்."

"உன் கணக்கத் தூக்கிக் குப்பையில போடு. பதினேழாவது. ரீகன் வேலைக்குப் போனப்பறம், துணி காயப்போட்டுட்டு வந்து, பதினேழாவதப் போட்டு அவரு வர்ற எடத்துக்குத் தள்ளினு போவேன். வேன்லேர்ந்து சேர் எறக்கறதுலேர்ந்து, கேமராக்காரன் கைல 'இன்னாடா என்னையே புடிச்சுகினு கீற, போய்த் துன்னுடா'ன்றது வரிக்கும். ஏழு நிமிசம். அப்றம் நிறுத்திட்டு ஒலை வச்சுடுவேன்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு வீடியோவை ஏறக்குறைய முழுதாக ஓட்டி முடித்தால்தான் அந்தக் கணினி 'பார்த்தது' என்று ஒன்று கூட்டும். பாதியில் நிறுத்தினால் கூட்டாது. பதினெட்டு நிமிடத் துண்டில் ஏழு நிமிடத்தை ஆயிரம் தடவை பார்த்தாலும் அதன் கணக்கில் பூஜ்யம்தான். இதை எனக்கு யாரும் ஒளித்து வைக்கவில்லை. அமைப்புப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். ஒன்பது வீட்டுக்கும் ஒன்பது முறை அந்தப் பக்கத்தைக் கடந்து போனவன் நான்.

"எடிட் பண்ண படம் இருக்குன்னு ரீகன் சொன்னாரே?" என்றேன். விடுகிறேனா பாருங்கள்.

"அதுல பூரா பாட்டு சார்! அவரு வாய் அசையும், ஆனா பாட்டு பாடினு கெடக்கும். கொரலு இதுல மட்டுந்தான் கீது. போன்ல ஒண்ணும் வைக்கல மனுசன். கேமராக்காரன் ஆறு மாசத்துலயே அழிச்சுட்டானாம், அவன் கைல கேட்டாச்சு." அவர் அழவில்லை. கட்டளையை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்த திரையைப் பார்த்தார். "போச்சா சார்?"

பேக்கப் இல்லையா என்று உங்களில் ஒருவராவது இந்நேரம் கேட்டிருப்பீர்கள். இருந்தது. ஒன்பது கணினிகளின் அமைப்புகளையும் வாரம் தவறாமல் எடுத்து வைத்திருந்தேன். எந்த வீட்டில் எழுத்து எந்த அளவில் தெரிய வேண்டும் என்பதற்குக்கூட நகல் இருந்தது. வீடியோக்களுக்கு இல்லை. படம்தானே, மறுபடி கிடைக்கும் என்று வகுத்துவைத்திருந்தேன். குடும்ப வீடியோவும் அதே அலமாரியில் இருக்கிறது என்பது என் கணக்கில் வரவில்லை.

"போகலைம்மா. இன்னும் போகலை" என்றேன். போகாததற்கு என் சாமர்த்தியம் காரணம் அல்ல. நான் எதையும் எண் வரிசையில் செய்பவன். அவர் வீடு எண் ஏழு. இரண்டாக இருந்திருந்தால் இந்தக் கதையே வேறு.

இனி நான் எடுத்த முடிவைச் சொல்கிறேன். இந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். அழிந்ததைத் தேடி எடுத்தால், எடுத்ததை வைக்கத் தனியாக இடம் வேண்டும். அதே இடத்தில் வைத்தால் அதன் மேலேயே கொட்டியது போல ஆகும். என்னிடம் இருந்த காலி இடம், இரண்டும் நாலும் விட்டுக்கொடுத்த அந்த நானூற்று இருபத்தெட்டு மட்டும். அந்த இடத்தை வைத்து ஒன்பது டிவியையும் அந்த நிமிடமே ஓடவிடலாம். வாசலில் நின்றவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆனால் அதுவரை நிரப்பியது எதுவோ அது மறுபடி நிரப்பத் தொடங்கும். எவ்வளவு வேகத்தில் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் முதலில் பார்க்க வேண்டியதை நான் பார்க்கவே இல்லை.

ஏழாம் வீட்டை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற எட்டையும் ஓடவிட்டுக்கொண்டே தேடியிருக்கலாமே என்று பிற்பாடு நம் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். இருக்கலாம். ஆனால் அன்று மூன்று நாற்பதிலிருந்து நான் இரண்டு தவறு செய்திருந்தேன். ஒன்று, காரணத்தைப் பார்க்காதது. இரண்டு, பூஜ்யத்தை நம்பியது. ஒரே மதியத்தில் இரண்டு தவறு செய்தவன் கையில் ஒன்பது வீட்டை ஓடவிட்டுக்கொண்டு அறுவை செய்யக் கூடாது. எதுவும் அசையாத இடத்தில்தான் அவனை வேலை செய்ய விட வேண்டும். ஒன்பதையும் மொத்தமாக நிறுத்தினேன்.

படிக்கு வந்து, "நாளை மதியம் வரைக்கும் யாருக்கும் எதுவும் வராது" என்றேன்.

என்ன பேச்சு வாங்கினேன் என்பதை எழுதினால் அச்சில் போட முடியாது. இரண்டாம் மாடிக்காரர், "சாரு நம்மள பேஜாரு பண்றதுக்குன்னே வேலைக்குப் போய்க் கத்துகினு வந்திருக்காரு" என்றார். அது நியாயம் என்றே எனக்குத் தோன்றியது. ரஹீம் பாய் மட்டும் முகம் மாறி இறங்கி வந்தார்.

"சார், ஆஃப் பண்ணாதீங்க சார். என் கடை கேமரா போயிடும்."

"எந்தக் கேமரா?"

"வண்ணாரப்பேட்டைக் கடைல பதினாறு கேமரா சார். அதோட பெட்டி சின்னது, பத்தே நாள்தான் தாங்குது. உங்ககிட்ட எனக்கு மூணு டிபி கீதுல்ல, அதுல பாதிகூடத் தொடலியே, சும்மாதான கெடக்குதுன்னு வியாழக்கெழம இங்க திருப்பி வுட்டேன். நம்ம எடம்தான சார்?"

நம் இடம்தானே! அவர்மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணம்கூடக் கிடைக்கவில்லை. மிகவும் தேடினேன். மூன்று டிபி என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் நான். அவர் அதை அப்படியே நம்பியிருக்கிறார். பதினாறு கேமராவும் ஒரு மணி நேரத்துக்கு முப்பது ஜிபி அளவில் தின்றுகொண்டிருந்தன. நான் அன்று டிவிகளை ஓடவிட்டிருந்தால், அந்தக் காலி இடம் மறுநாள் பொழுது விடிவதற்குள் துணிக்கடை வாசலாலும் கல்லாவாலும் நிறைந்திருக்கும்.

"பாய், கடைல இருக்கற பழைய பெட்டியைப் போட்டு விடுங்க. இப்பவே போங்க" என்றேன்.

"ஞாயித்துக்கெழம கூட்டம் எப்டி இருக்கும் தெரியுமா சார் அங்க? வண்டிய எங்க வுடுவேன்?"

ஸ்டெல்லா அம்மா படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அவர் ரஹீம் பாயிடம் ஒன்றும் கேட்கவில்லை. "மரியதாஸ் வீடியோ பாய். கல்யாணத்துது. தேடி எடுக்கணும்ன்றாங்க" என்று மட்டும் சொன்னார். கல்யாணத்தன்று வேனிலிருந்து சேர் இறக்கியதில் ரஹீம் பாயும் ஒருவர். அவர் என்னைப் பார்த்து, "நான் மெட்ரோல போய்க்கறேன். நீங்க அதப் பாருங்க" என்று கிளம்பிவிட்டார்.

தேடல் தன்பாட்டுக்கு ஓடியது. மறுநாள் காலை ஒன்பதுக்குப் பார்த்தபோது முப்பத்தொன்றில் இருபத்தாறு துண்டுகள் கிடைத்திருந்தன. ஐந்து இல்லை. நான் அழித்த பிறகும் ஏழாம் வீட்டுக் கணினி சில நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது அல்லவா, அதற்குள் அது தன் குறிப்புகள் எதையோ அங்கே எழுதித் தொலைத்திருக்கிறது. கிடைத்தவற்றுக்கும் பெயர் இல்லை. பெயர்ச்சீட்டைத்தான் கிழித்தாயிற்றே. இயந்திரம் தானாகப் போட்ட நீள நீள எண்கள், வரிசையும் கலைந்துவிட்டது. பதினேழாவது எது, அது இருக்கிறதா, இல்லாத ஐந்தில் ஒன்றா என்று சொல்ல வழியே இல்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும்.

ஸ்டெல்லா அம்மாவை வரச் சொன்னேன். சர்வர் அறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஸ்டூல். நான் திறப்பேன், அவர் பார்த்துச் சொல்வார்.

முதலில் திறந்ததில் பட்டுப்புடவை அணிந்த பெண்கள் வரிசையாக ஜடையைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். "இல்ல." அடுத்ததில் ஒரு பெரியவர் பிரியாணி சாப்பிட்டார். "இல்ல. இது என் நாத்தனார் வூட்டுக்காரரு." நான்காவதிலும் அதே பெரியவர் சாப்பிட்டார். ஒன்பதாவதிலும்.

"எத்தினி தபா துன்றான் பாரு இந்தாளு! மொய் வச்சானா தெரியல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். வெளியே யாரோ கதவைத் தட்டி, "சார், மதியம்னியே, மணி பத்தரை ஆச்சே" என்றார். பத்தரைக்கும் மதியத்துக்கும் என்ன உறவு என்று கேட்க வாயெடுத்தேன். ஸ்டெல்லா அம்மா திரும்பி, "போடா அப்பால!" என்றார். அதற்குப் பிறகு யாரும் தட்டவில்லை. முப்பத்தைந்து வருடத்தில் எனக்கு அப்படி ஒரு உதவியாளர் அமைந்ததில்லை.

பதினைந்து ஆயிற்று. கோயிலுக்குள் மணமகள் நடந்து வருவது, மோதிரம், பாதிரியார் முகம் முழுக்க வெளிச்சம். "இல்ல." இருபது ஆயிற்று. அவர் 'இல்ல' என்று சொல்வதை நிறுத்தி, தலையை மட்டும் அசைக்கத் தொடங்கினார். இருபத்திரண்டு. மீதி நான்கு. நான் இதைச் சொன்னதாக யாரிடமும் சொல்லாதீர்கள், அடுத்ததைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. திறக்காதவரை அது இருப்பதாக வைத்துக்கொள்ளலாம் அல்லவா.

"இன்னா சார் நின்னுட்ட? தொற."

இருபத்து மூன்றாவது. ஒரு வேனின் பின்கதவு. கருப்பாக, குட்டையாக, சட்டையின் மேல் இரண்டு பொத்தான்கள் திறந்திருந்த ஒருவர் நீல நாற்காலிகளை நான்கு நான்காக இறக்கிக்கொண்டிருந்தார். ரஹீம் பாய் கீழே நின்று வாங்கினார். "மெதுவாடா, காலு ஒடஞ்சா வாடகைக்காரன் கைல யாரு பேசறது" என்று அந்தக் குரல் அறைக்குள் வந்தது. படம் இரண்டு இடத்தில் கட்டம் கட்டமாகச் சிதறியது. குரல் சிதறவில்லை. அவர் நாற்காலியை எண்ணினார், தவறாக எண்ணினார், மறுபடி எண்ணினார், தன் அண்ணனோடு சண்டை போட்டார், வியர்வையைத் துடைத்தார். கேமராவைப் பார்த்தார். "இன்னாடா என்னையே புடிச்சுகினு கீற, போய்த் துன்னுடா."

"நிறுத்து" என்றார் ஸ்டெல்லா அம்மா.

நிறுத்தினேன். அந்த ஒரு துண்டை முதலில் ஒரு பென்டிரைவில் போட்டு, என் லேப்டாப்பில் ஓட்டிச் சரிபார்த்து, அவர் கையில் கொடுத்தேன். என் சொந்த டிஸ்க்கில் இருந்த என் கோப்புகள் சிலவற்றை அழித்து இடம் செய்து, கிடைத்த இருபத்தாறையும் அதில் ஏற்றினேன். அதற்குப் பிறகுதான் ஏழாம் வீட்டுக்கு அந்தக் கட்டளையைக் கொடுத்தேன். மற்ற வீடுகளை ஒவ்வொன்றாக எழுப்பினேன். பன்னிரண்டரைக்கு ஒன்பது டிவியும் வந்துவிட்டன. நன்றி சொல்ல எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்காதீர்கள். சுலபமாக எண்ணிவிடலாம்.

இப்போது எங்கள் கட்டடத்தில் வீட்டுக்கு ஒன்றரை டிபி. ஒன்பது வீட்டுக்கும் பதின்மூன்றரை. இரண்டரை டிபி காலியாகக் கிடக்கிறது, அது எதற்கு என்று மாதம் ஒருவர் கேட்கிறார். ஒன்றரைதானா என்று திட்டுகிறார்கள், திட்டட்டும். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: எத்தனை வீடு ஓட்டலாம் என்பதை இயந்திரத்தின் பெட்டியில் பார்க்காதீர்கள். எல்லாரும் ஒரே நாளில் தங்களுக்கு எழுதிக் கொடுத்ததை முழுதாகக் கேட்டால் எத்தனை பேருக்குக் கொடுக்க முடியும், அத்தனை. எதையாவது அழிக்க வேண்டி வந்தால் அந்த வீட்டில் போனை எடுப்பவரைக் கேட்காதீர்கள். பகலில் வீட்டில் இருப்பவரைக் கேளுங்கள். படியேறிப் போய், அழிக்கலாமா என்று கேட்காமல், இது யாருடையது என்று கேளுங்கள்.

அன்று அந்தப் பென்டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு ஸ்டெல்லா அம்மா எழுந்தார். கதவுவரை போய்த் திரும்பினார்.

"இப்ப இது எத்தினி எடத்துல கீது சார்?"

"ரெண்டு இடத்துல. உங்ககிட்ட ஒண்ணு, என்கிட்ட ஒண்ணு."

"ரெண்டு பத்தாது. என் பொண்ணுக்கும் அனுப்பிடு."

"அனுப்பறேன். அவங்க பார்ப்பாங்களா?" என்று கேட்டேன். அத்தனைக்குப் பிறகும் கேட்டேன்.

"அது பாக்காது சார். அவங்க அப்பா பேச்ச எடுத்தாலே போன வச்சுடும். நீ அனுப்பு."

அனுப்பினேன்.